ஈரப் படியில் இறங்கியது யார்?

1

"ஆத்தாடீ...! கொல...! கொல...!"

காலை ஏழு மணிக்கு ஜக்கம்மாள் போட்ட கூச்சலில், நூலகக் கட்டடத்தின் ஜன்னலில் குந்தியிருந்த குரங்கு, கேண்டீனில் திருடிய பன்னைக் கீழே போட்டுவிட்டு ஓடியது.

ஜக்கம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இரண்டாவது மாடி. வடிவமைப்பு அறை.

மேஜையின் மேல் அட்டையில் செய்த ஒரு மலைச்சரிவு. அதில் அகலமான படிகள். படிகளில் விரல் நுனி உயரத்துக்குப் பிளாஸ்டிக் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜைக்குக் கீழே நிஜ மனிதர் ஒருவர் கிடந்தார்.

ஆர்க்கிடெக்ட் கார்முகில். வயது நாற்பத்தொன்று. ஊர் மதுரை. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே மூன்று கிலோ கிரானைட் துண்டு.

படிகளில் எந்தக் கல்லைப் பதிக்கலாம் என்று தேர்வு செய்ய வந்த மனிதர். பாவம், கல் முந்திக்கொண்டது.

அவருடைய வலது கைக்குள் ஓர் அடையாள அட்டை. கயிறு அறுந்திருந்தது. அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தேவி. பி.ஆர்க். ஐந்தாம் ஆண்டு.

2

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில், எழுபது ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஏலச்சாரல் பல்கலைக்கழகம். நிறுவனர், வேந்தர், இன்னும் என்னென்ன நாற்காலி உண்டோ அத்தனையிலும் உட்கார்ந்திருப்பவர் ஈஸ்வரன். பதினாலு வருடத்துக்கு முன்பு வரை ஏலக்காய் வியாபாரி. காயின் நிறத்தைப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில் வளாகத்தின் தூண், கதவு, படிக்கட்டு, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் அடித்துவைத்திருந்தார்.

ஏலக்காய்ப் பச்சை!

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு படிக்கட்டுகள். இடப்பக்கம் பெண்களுக்கு. வலப்பக்கம் ஆண்களுக்கு. மாறி ஏறினால் மைதானத்தில் முட்டி போட வேண்டும். வீட்டுக்குப் போன் போகும். அறிவு எந்தப் படி வழியாக வந்தாலும் சரி, ஆணும் பெண்ணும் ஒரே படியில் வந்துவிடக் கூடாது!

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் சந்திரவல்லி இறங்கினார். நாற்பத்தைந்து வயது. தூக்கம் கெட்ட கண். பின்னால் ஏட்டு மகாராஜன். தொண்ணூற்றாறு கிலோ.

சந்திரவல்லி இடப்பக்கப் படியில் விறுவிறுவென்று ஏறினார். மகாராஜன் பின்னாலேயே காலை வைத்தார்.

"பீ...ப்...!"

காது கிழிகிற மாதிரி ஒரு விசில்.

ஓடி வந்தவர் முத்துக்கண்ணன். பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு அதிகாரி. கழுத்தில் விசில், கையில் நோட்டு.

"ஏட்டையா! எங்க போறீங்க? அது லேடீஸ் படி!"

"மேல பொணம் கெடக்குய்யா!"

"கெடக்கட்டும். ஜென்ஸ் படி அந்தப் பக்கம் இருக்கு."

"அங்கிட்டு 'பெயிண்டு ஈரம், ஏறாதீர்'னு கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கே?"

"அப்ப காயிற வரைக்கும் நில்லுங்க."

மகாராஜன் இடுப்பில் கை வைத்தார்.

"செத்தவரு ஆம்பளதான?"

"ஆமா."

"அவர எந்தப் படி வழியா எறக்குவீக?"

முத்துக்கண்ணன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்!

மேலேயிருந்து சந்திரவல்லியின் குரல் இறங்கியது.

"மகாராஜன், நீங்க வாங்க. யோவ், இன்னொரு தடவ அந்த விசில ஊதினா முழுங்க வெச்சிருவேன்."

3

"மண்டையில ஒரே அடி. கல்லத் தொடச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் சந்திரவல்லி, கார்முகிலின் போனைப் புரட்டியபடி. "நேத்துச் சாயங்காலம் ஆறு அஞ்சுக்கு சம்சாரத்துக்குப் பேசியிருக்கார். பத்து நிமிசம். அதுக்கப்புறம் வந்த ஏழு காலையும் எடுக்கல."

"அப்ப ஆறேகாலுக்கு மேல சோலி முடிஞ்சிருக்கு."

"வெளியாளு?"

"கேட்டுல காமிரா இருக்கு மேடம், பாத்துட்டேன். பெயிண்டர் சின்ராசு ஆளுகளோட அஞ்சு நாப்பதுக்கு வெளிய போயிட்டாரு. அதுக்குப் பெறகு ஈ காக்கா உள்ள வரல. செமஸ்டர் லீவு. வளாகத்துல தங்கியிருந்தது நாலே பேரு. வேந்தரு ஈஸ்வரன், அந்த விசிலு முத்துக்கண்ணன், கட்டடக்கலைத் துறைத் தலைவரு பிரபு, ஹாஸ்டல்ல இந்தப் பொண்ணு தேவி."

"இந்தக் கட்டடத்துல காமிரா இல்லையா?"

"வளாகம் பூரா அறுபத்துநாலு காமிரா! எல்லாம் மரத்தடியையும் கேண்டீன் மூலையவும்தான் பாக்குது. பையனும் பொண்ணும் எங்க உக்காந்து பேசிருவாங்களோன்னு பயம். கொலகாரன் தனியா வந்திருக்கான். அதனால தப்பிச்சுட்டான்."

சந்திரவல்லி சிரிக்கவில்லை. அறைக்கு வெளியே வந்தார்.

வாசலிலிருந்து ஐந்தாவது எட்டில் பெண்கள் படிக்கட்டு. காய்ந்து சுத்தமாக இருந்தது. ஆண்கள் படிக்கட்டோ வராந்தாவின் அந்தக் கோடியில், அறுபதடி தள்ளி.

மகாராஜன் அந்தக் கோடி வரை நடந்து போய்விட்டு, அங்கிருந்தே கத்தினார்.

"மேடம்! வெரசா வாங்க!"

கயிறு கட்டியபடியே இருந்தது. கயிற்றுக்குக் கீழே பச்சைப் பெயிண்ட் அடித்த படிகள். அந்தப் பெயிண்டில் நீள நீளமாக இழுபட்ட தடங்கள். மேலிருந்து கீழே, ஒரே ஓட்டமாக!

"ஒருத்தன் கயித்தத் தாண்டிக் குதிச்சு எறங்கியிருக்கான் மேடம். வழுக்கிக்கிட்டே போயிருக்கான். செருப்பா ஷூவான்னு ஆண்டவனுக்கே தெரியாது."

தடம் கீழே புல்வெளிக் குழாயடி வரை போய் நின்றுவிட்டது. யாரோ அங்கே காலைக் கழுவியிருக்கிறார்கள்.

சந்திரவல்லி பெயிண்டர் சின்ராசுவுக்குப் போன் போட்டார்.

"பெயிண்டு எப்ப அடிச்சீங்க?"

"நாலேகாலுக்கு மேல இருந்து ஆரம்பிச்சோம்மா. அஞ்சரைக்குக் கீழ வந்து முடிச்சு, மேலயும் கீழயும் கயிறு கட்டிட்டுத்தான் கெளம்புனோம். நாங்க விட்டுட்டு வரையில கண்ணாடியாட்டம் இருந்துச்சு. என்னம்மா, எவனும் மிதிச்சுட்டானா?"

"மிதிச்சுட்டான்."

"எந்த மடப்பயம்மா அவன்? பக்கத்துலயே காஞ்ச படி இருக்கையில!"

சந்திரவல்லி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். பெயிண்டர் கேட்டது சரியான கேள்வி.

4

வேந்தர் அறை. ஏ.சி. குளிரிலும் ஈஸ்வரன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் தர நிர்ணயக் கமிட்டி வருதும்மா. போன தடவ வந்தவங்க என்ன எழுதிட்டுப் போனாங்க தெரியுமா? 'மாணவர்கள் கூடி உட்காரப் பொது இடம் இல்லை'னு! உக்காந்து என்னத்தப் பேசப் போறாங்க? ஆனா அதுக்கு மார்க்கு இருக்காம்! சரின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு, எல்லாரும் சேந்து உக்கார ஒரு பொதுப்படி கட்ட ஒத்துக்கிட்டேன். நம்ம பிரபு சார் டிசைன். கட்டிக் குடுக்கத்தான் கார்முகில வரவழைச்சேன். இப்ப இந்தப் பொண்ணு இப்படிப் பண்ணிருச்சே!"

"அந்தப் பொண்ணுதான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"கையில அட்ட இருக்குல்ல? உங்க டி.எஸ்.பி.கிட்டயும் பேசிட்டேன். வெரசா சோலிய முடிச்சா காலேஜு பேராவது மிஞ்சும்."

"நேத்து அந்த மாடியில இருந்து நீங்க எப்ப கீழ வந்தீங்க?"

"அஞ்சே முக்காலுக்கு. லிப்டுல. லிப்டு சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

முத்துக்கண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் ஆறு மணிக்கு வந்தேன் மேடம். கார்முகில் சார் அப்ப உசுரோடதான் இருந்தாரு. லேடீஸ் படி வழியா எறங்கினேன்."

மகாராஜனின் புருவம் தலை வரை ஏறியது.

"நீங்க மட்டும் லேடீஸ் படியில எறங்கலாமோ?"

"நான் தெனம் பத்துத் தடவ ஏறி எறங்குவேன். செக்கிங் ட்யூட்டி!"

மூன்றாவது ஆள் நாகரிகமாகத் தொண்டையைச் செருமினார். பிரபு. கதர் ஜிப்பா, கத்தரித்த தாடி, முப்பத்தொரு வயது.

"மேடம், இந்த வளாகத்துல பதிமூணு வருஷமா இருக்கேன். அஞ்சு வருஷம் மாணவன், எட்டு வருஷம் ஆசிரியர். ஒரு கட்டடத்தோட உயிர் அதோட சுவர்ல இல்ல, மனுஷங்க தடையில்லாம சந்திக்கிற வெளியிலதான் இருக்கு. அதைத்தான் அந்தப் படிகள்ல வரைஞ்சேன். கார்முகில் என் கனவைக் கட்ட வந்தவர். இப்ப..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து எப்ப எறங்கினீங்க?"

"நாலு மணிக்கே. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி."

சந்திரவல்லியின் போன் அலறியது. டி.எஸ்.பி.!

"என்னம்மா இழுத்துக்கிட்டு இருக்கே? மூணு மணிக்குள்ள அந்தப் பொண்ண ரிமாண்டுக்கு அனுப்பு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

5

தேவியை வடிவமைப்பு அறைக்கு அடுத்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒல்லியான பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அவள் பக்கத்தில் தரையில் பெரியம்மாள். தேவியின் அம்மா. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். தகவல் வந்ததும் பறித்துக்கொண்டிருந்த செடியை அப்படியே விட்டு, தோட்டத்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தாள். விரல் நகமெல்லாம் ஏலக்காய்க் கறை.

"சாரே... எம்புள்ள ஒரு எறும்ப மிதிக்காது சாரே. அப்பன் போன பெறகு, இருபது வருசம் அட்டக்கடியில நின்னு இதப் படிக்க வெச்சேன். பதினோரு நாளுல படிப்பு முடியுது. இப்ப செயிலுக்குப் போனா எல்லாம் போச்சு சாரே."

"எந்திரிங்கம்மா. கால்ல விழுகாதீங்க." சந்திரவல்லி தேவியைப் பார்த்தார். "நேத்து கார்முகிலப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம். அஞ்சு மணிக்குப் போனேன். அஞ்சே முக்காலுக்குக் கீழ வந்துட்டேன்."

"எந்தப் படி?"

"லேடீஸ் படிதான் மேடம்." இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தாள்.

"ஐடி கார்டு?"

"ரெண்டு நாளா காணல மேடம். சத்தியமா."

"அவர்கிட்ட என்ன பேசின?"

தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு தாயி. மூணு மணிக்கு உன்னை ஜீப்புல ஏத்தச் சொல்றாங்க."

"சொன்னா... டிகிரி வராது மேடம்."

மகாராஜன் மிரட்டிப் பார்த்தார். பெரியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். பயன் இல்லை.

சந்திரவல்லி பக்கத்து அறைக்குப் போய் அந்த அட்டை மாதிரியைத் தட்டோடு தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார். கார்முகிலை அதற்குள் லிப்டில் இறக்கியிருந்தார்கள். முத்துக்கண்ணனுக்குப் பெரிய நிம்மதி!

"பிரபு சார் நல்லாத்தான் வரைஞ்சிருக்கார். ஆனா படி ரொம்ப உயரமால்ல இருக்கு? கெழவங்க எப்படி ஏறுவாங்க?"

"அது ஏற இல்ல மேடம், உக்கார." தேவியின் குரல் சட்டென்று உயிர் பெற்றது. "பதினாறு இஞ்சு. ஓரமா பாருங்க, ஏறுறதுக்குத் தனியா ஆறு இஞ்சுப் படி. மேற்குல பலாமரத்த வெட்டாம விட்டிருக்கு, மூணு மணி வெயில் விழாது. மலைக்காத்துக்கு முதுகு காட்டி உக்காந்தா ஊரு தெரியும்..."

நிறுத்திவிட்டாள். சந்திரவல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"இது யார் வரைஞ்சது தேவி?"

தேவி உடைந்து அழுதாள்.

"எங்க தோட்டத்துல சாயங்காலம் ஜீப்புக்குக் காத்துக்கிட்டு எல்லாரும் சரிவுல உக்காந்திருப்பாங்க மேடம். ஆம்பளைக, பொம்பளைக, மலையாளத்து ஆளுக, நம்ம ஆளுக... ஒருத்தருக்கொருத்தர் காப்பி ஊத்திக் குடுத்து, சிரிச்சு... அதப் பாத்துத்தான் வரைஞ்சேன். என் ப்ராஜெக்ட். பிரபு சார் வாங்கிப் பாத்துட்டு, அவரு பேருல வேந்தர்கிட்ட குடுத்துட்டாரு. கேட்டா மார்க்குல கை வெப்பேன்னாரு. நேத்து கார்முகில் சாருகிட்ட என் பழைய நோட்ட காட்டினேன். அவரு ஒரே வார்த்ததான் சொன்னாரு. 'கல்வெட்டுல உன் பேருதாம்மா வரும், இன்னைக்கே பிரபுவைக் கூப்பிட்டுப் பேசுறேன்.'"

மகாராஜன் இடுப்புப் பெல்ட்டை இறுக்கினார்.

"பிரபுவத் தூக்கிரலாமா மேடம்?"

"எதை வெச்சு? நாலு மணிக்கே எறங்கிட்டேங்கிறான். இவ சொல்றத வெச்சு டி.எஸ்.பி. இவளுக்குத்தான் கோவம்னு எழுதிருவார். வெளிய வாங்க."

6

வராந்தாவில் சந்திரவல்லி இரண்டு கோடிக்கும் நடந்து பார்த்தார்.

"கொன்னுட்டு வெளிய ஓடி வர்றான். அஞ்சு எட்டுல காஞ்ச படி. அதை விட்டுட்டு அறுபது அடி ஓடி, கயித்தத் தாண்டி, ஈரப் பெயிண்டுல குதிக்கிறான். ஏன்?"

"கிறுக்கனா இருப்பான்."

"இல்ல மகாராஜன். தேவியா இருந்தா அவ படியில போயிருப்பா. முத்துக்கண்ணனுக்கு ரெண்டு படியும் ஒண்ணுதான். வேந்தருக்கு லிப்டு. ரூல் போட்டவங்க எவனும் அந்த ரூல்ல நடக்கல. அதுக்குப் பயந்து வளந்த ஒருத்தன்தான் உயிர் போற அவசரத்துலயும் ஜென்ஸ் படியத் தேடி ஓடியிருக்கான். இந்தக் காலேஜுலயே படிச்சவன்!"

மகாராஜன் வாயைப் பிளந்தார்.

"கொல பண்ணலாம்... லேடீஸ் படியில கால் வெக்கக் கூடாது! அடப்பாவி!"

"மணி என்ன?"

"பன்னெண்டு."

"சின்ராசுவ வரச் சொல்லுங்க. அந்தப் படிக்கு இன்னொரு கோட்டிங். ரெண்டு ஆளப் புல்வெளிக்குப் பின்னால இருக்கிற ஓடையில எறக்கி விடுங்க. பெயிண்டு பட்ட துணியையும் ஷூவையும் எவனும் அலமாரியில வெச்சிருக்க மாட்டான். அப்புறம்... உங்களுக்கு நல்லா கத்த வருமா?"

"என் சம்சாரத்தக் கேளுங்க மேடம். அவகிட்ட மட்டும்தான் வராது."

7

மணி இரண்டே கால்.

"சம்பவ இடத்துல மூணு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும். பொண்ண ரிமாண்டுக்கு அனுப்பிருவோம்" என்றார் சந்திரவல்லி.

ஈஸ்வரன் மகிழ்ச்சியாகச் சாவியைத் திருகினார். லிப்டில் மூவரும் மேலே வந்தார்கள். வடிவமைப்பு அறையில் பிரபு பேனாவைத் திறந்தார்.

வெளியே ஓர் ஓலம்!

"கதண்டூ...! கதண்டு கலைஞ்சிருச்சு...! ஓடுங்க...!"

தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மகாராஜன் வராந்தாவில் ஓடி வந்தார். தொண்ணூற்றாறு கிலோவும் குதித்தது!

மலையடிவாரத்துக்காரனுக்குப் புலி என்றால் கூட வேடிக்கை பார்க்க நேரம் இருக்கும். கதண்டு என்கிற மலைக்குளவி என்றால் கிடையாது. பத்துக் கொட்டு விழுந்தால் ஆள் காலி.

ஈஸ்வரன் லிப்டுக்குள் பாய்ந்து, பின்னால் வந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்துக்கண்ணன் லேடீஸ் படியில் மூன்று மூன்றாகத் தாவி மறைந்தார்.

பிரபு...

வாசலுக்கு வந்தார். ஐந்தெட்டில் லேடீஸ் படி. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜிப்பா பறக்க அறுபதடி ஓடினார். கயிற்றைத் தாண்டினார்!

சர்ர்ர்ர்...!

முதல் மடக்கு வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பச்சை ஜிப்பா. பச்சைக் கை. பச்சைத் தாடி.

கதண்டு எதுவும் வரவில்லை. மேலே கயிற்றுக்கு அந்தப்புறம் சந்திரவல்லி நின்றிருந்தார்.

"நேத்தும் இப்படித்தான் எறங்கினீங்களா பிரபு சார்?"

"மேடம்... நான்... பயத்துல..."

"நேத்தும் பயத்துலதான். பக்கத்துல காஞ்ச படி இருந்துச்சு. தாண்டி வந்தீங்க."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" பிரபு எழ முயன்றார். மறுபடி வழுக்கி உட்கார்ந்தார்.

"இது சாட்சி இல்ல. இது எனக்கு. கோர்ட்டுக்கு வேற இருக்கு." சந்திரவல்லி போனை நீட்டிக் காட்டினார். "ஓடையில கல்லக் கட்டிப் போட்டிருந்த பை. பச்சை அடி ஷூ, ஜிப்பா. ஜிப்பாவுல பெயிண்டு மட்டும் இல்ல, ரத்தமும் இருக்கு. உங்க சைஸ். அரை மணி நேரத்துக்கு முன்னாலதான் எங்க ஆளு கரை சேத்தான்."

பிரபு பச்சைக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொதுப்படி டிசைனாலதான் மேடம் எனக்கு இந்த நாற்காலியே கெடைச்சுது. அடுத்த மாசம் டீன் ஆக்குறேன்னாரு வேந்தர். நேத்து நாலு மணிக்கு நான் எறங்கவே இல்ல, மேல என் ரூம்லயேதான் இருந்தேன். கார்முகில் கூப்பிட்டு 'கல்வெட்டுல அந்தப் பொண்ணு பேருதான்'னு ஒத்தக்கால்ல நின்னாரு. என் டேபிள்ல அவ மறந்து வெச்சிட்டுப் போன ஐடி கார்டு பாக்கெட்டுல கெடந்துச்சு. அவகிட்ட குடுத்துரணும்னுதான் எடுத்து வெச்சேன் மேடம்... அடிச்சதுக்கப்புறம்..."

"அவர் கையில சொருகிட்டீங்க."

பிரபு தலையாட்டினார்.

"கால் பச்சையான பெறகுதான் மேடம் எந்தப் படியில எறங்குறேன்னே தெரிஞ்சுது. முத வருஷம் தெரியாம லேடீஸ் படியில ஏறிட்டேன். எங்கப்பாவ ராசிங்காபுரத்துல இருந்து வரவெச்சு, அவரு முன்னால முட்டி போடச் சொன்னாங்க. அன்னையில இருந்து அந்தப் பக்கம் காலே போகாது."

சந்திரவல்லிக்கு ஒரு விநாடி பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு விநாடி!

"அதுக்கு அந்த விசில ஒடச்சிருக்கலாம். மனுசன் மண்டைய ஒடச்சிருக்க வேண்டாம். மகாராஜன், இவர எந்தப் படியில வேணா எறக்குங்க!"

அடுத்த அறையிலிருந்து பெரியம்மாள் ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். சந்திரவல்லி டி.எஸ்.பி.க்குப் போன் போட்டார். மணி இரண்டு நாற்பது.

8

ஆறு மாதம் கழித்துப் பொதுப்படியின் திறப்பு விழா. கமிட்டி வருவதை எப்படியோ தள்ளிப்போட்டு ஈஸ்வரன் கட்டி முடித்திருந்தார். கிரானைட்டில் பெரிய எழுத்தில், 'வடிவமைப்பு: தேவி. கார்முகில் நினைவாக.' பெரியம்மாளுக்கு எழுத்து தெரியாது. இரண்டு பெயரையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

கமிட்டி வந்தது. பார்த்தது. பாராட்டியது. மார்க்கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனது.

அவர்களுடைய கார் போடி தாண்டுவதற்குள் பத்து ஆட்கள் ஒரு லாரியிலிருந்து எதையோ இறக்கினார்கள்.

இரும்புத் தடுப்பு! நாற்பதடி நீளம், ஆறடி உயரம். ஏலக்காய்ப் பச்சை. பொதுப்படியின் நட்டநடுவில் நிறுத்தி நட்டு முடுக்கினார்கள்.

"இடப்பக்கம் பொண்ணுக, வலப்பக்கம் பசங்க" என்றார் ஈஸ்வரன், மனம் நிறைந்து. "கமிட்டி வர்றன்னைக்குக் கழட்டிக்கிட்டாப் போச்சு!"

தேவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் வரைஞ்சது இது இல்ல மேடம்."

சந்திரவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் என்ன செய்ய?

"கம்பி நட்டதுக்கெல்லாம் செக்சன் இல்லையே தாயி" என்றார்.

ஒரு வாரம் போனது. திங்கட்கிழமை காலை பத்து மணி. ஸ்டேஷனில் போன் அலறியது. மகாராஜன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம்! களவு! பெரிய களவு!" ஈஸ்வரன் மூச்சு வாங்கினார். "தடுப்பக் காணோம்! ஓடையில கெடக்கு! காலேஜுப் பயலுக வேலைதான்!"

சந்திரவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது முன்னூறு கிலோ இருக்குமே சார். எப்படித் தூக்கினாங்க?"

"காமிராவுல எல்லாம் இருக்கு மேடம்! இந்தப் பக்கம் முப்பது பொண்ணுக... அந்தப் பக்கம் முப்பது பசங்க... ஒண்ணு ரெண்டு மூணு சொல்லித் தூக்கிட்டுப் போறாங்க! படிச்சு முடிச்சுட்டுப் போன அந்த தேவி வந்து முன்னால நின்னு கையக் காட்டி வழி சொல்லுது! இன்னைக்கே அத்தன பேர் மேலயும் நடவடிக்க எடுக்கணும்!"

மகாராஜன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேசு நிக்காதுங்கய்யா. பொண்ணுக பொண்ணுக பக்கம் நின்னு தூக்கியிருக்கு... பசங்க பசங்க பக்கம் நின்னு தூக்கியிருக்கானுக. உங்க ரூல எவனும் மீறலியே!"